முழுக்கோதுமை பேக்கிங் கலவை: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டறிய

வீட்டில் முழுக்கோதுமை சேர்த்துச் செய்துவைத்த பேக்கிங் கலவை இரண்டு முறை சொதப்பினால் போதும், பலர் மைதாவுக்கே திரும்பிவிடுகிறார்கள். பழி கோதுமையின் மேல் விழுகிறது. பிழையோ பெரும்பாலும் அளவில் இருக்கும், நீரில் இருக்கும், இல்லையென்றால் கலவையை வைத்திருந்த ஜாடியில் இருக்கும். முழுக்கோதுமை மாவை மைதாவைப்போல் நடத்தினால் அது ஒத்துழைக்காது. அதிலுள்ள தவிட்டுக்கு நீர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அந்த நீரை உறிஞ்சிக்கொள்ள அவகாசமும் வேண்டும். இவ்விரண்டையும் கொடுத்துவிட்டாலே பல கோளாறுகள் தலைகாட்டுவதில்லை.

எந்தக் கலவையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். முழுக்கோதுமை மாவு 360 கிராம், மைதா 240 கிராம், பால் பவுடர் 60 கிராம், பேக்கிங் பவுடர் 25 கிராம் (தலைதட்டி 6 தேக்கரண்டி), உப்பு 6 கிராம் (1 தேக்கரண்டி). எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்து, காற்றுப் புகாத ஜாடியில் போட வேண்டும். சலிக்கும்போது மேலே தங்கும் தவிட்டைக் கொட்டிவிடாமல் மீண்டும் மாவிலேயே சேர்த்துவிடுங்கள். நார்ச்சத்து இருப்பதே அதில்தான். நூறு கிராம் மைதாவில் சுமார் 3 கிராம் நார்ச்சத்து என்றால், முழுக்கோதுமை மாவில் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது.

இந்தக் கலவையில் சர்க்கரையும் கொழுப்பும் கிடையாது. கடையில் விற்கும் கலவைகளில் பலவற்றில் கொழுப்பை மாவோடு பிசிறியே வைத்திருப்பார்கள். வீட்டில் அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர் இருக்கிறது. அந்த ஈரம் ஜாடிக்குள்ளேயே பேக்கிங் பவுடரை மெல்ல மெல்லத் தட்டியெழுப்பி வீணாக்கும். திரவ எண்ணெயைச் சேர்த்தால் மாவு திரள் திரளாகக் கட்டிக்கொள்ளும், காறவும் செய்யும். கொழுப்பை அவ்வப்போது சேர்த்துக்கொண்டால், எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதும் நம் கையில் இருக்கும்.

பயன்படுத்தும் அளவுகள் இவை. பேன்கேக்குக்குக் கலவை 130 கிராம், ஒரு முட்டை, பால் 180 மில்லி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பன்னிரண்டு மஃபினுக்குக் கலவை 260 கிராம், சர்க்கரை 80 கிராம், ஒரு முட்டை, பால் 240 மில்லி, எண்ணெய் 70 மில்லி. ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். ஸ்கோன் என்ற சிறு ரொட்டிக்குக் கலவை 260 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், பால் ஏறத்தாழ 150 மில்லி. 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். இனி உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கனமாக, வறண்டு, தொட்டால் உதிர்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இதில் முதல் சந்தேகம் கோப்பையின் மேல் விழ வேண்டும். மாவைக் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் ஒரு கோப்பையில் சுமார் 120 கிராம் பிடிக்கும். கோப்பையையே ஜாடிக்குள் விட்டு அழுத்தி மொண்டால் அதே கோப்பையில் 150 கிராம்கூட ஏறிவிடும். இரண்டு கோப்பைக்கு 60 கிராம் மாவு கூடிவிட்டது என்றால், சேர்த்த பால் எப்படிப் போதும்? சிறிய சமையல் தராசு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அளவு சரியாக இருந்தும் வறட்சி தெரிந்தால் நீரைக் கவனியுங்கள். முழுக்கோதுமையின் பங்கை நீங்கள் கூட்டியிருந்தால், மைதாவுக்குப் பதிலாகச் சேர்க்கும் ஒவ்வொரு 120 கிராமுக்கும் பாலை ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி கூட்ட வேண்டும். ஓட்ஸைப் பொடித்துச் சேர்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது அவகாசம். கரைத்தவுடன் கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். மாவு நீர்த்து வழியும். தவிட்டுத் துகள்கள் தனித்தனியாகப் புள்ளிபோட்டுத் தெரியும். ஒரு துகளை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் நெறநெறவென்று இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் மூடிவைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். கரைசல் தடித்திருக்கும், கரண்டி போன தடம் ஓரிரு நொடி நிற்கும், துகள் விரலில் மெத்தென்று நசுங்கும். இந்த மாற்றம் கிண்ணத்தில் நடக்காவிட்டால் ஓவனில் நடக்கும். அங்கே தவிடு தனக்கு வேண்டிய நீரைச் சுற்றியுள்ள மாவிலிருந்து இழுத்துக்கொள்வதால்தான் மஃபின் மறுநாள் தொட்டவுடன் உதிர்கிறது.

நேரம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஈரம் பட்டபோது ஒருமுறை, சூடு பட்டபோது ஒருமுறை என இருமுறை வினைபுரியும் பேக்கிங் பவுடர் இந்த அவகாசத்தைத் தாங்கும். உங்கள் டப்பாவில் அமிலமாக டார்ட்டாரிக் அமிலமோ கிரீம் ஆஃப் டார்ட்டாரோ மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அது ஈரம் பட்டவுடனேயே பெரும்பகுதி வாயுவை விட்டுவிடும் வகை. அதை வைத்திருப்பவர்கள் கலவையை பேக்கிங் பவுடர் இல்லாமல் ஜாடியில் வைத்துக்கொண்டு, கரைத்து ஊறவைத்த பிறகு, கடைசியில் 130 கிராமுக்கு ஒன்றேகால் தேக்கரண்டி தூவிக் கலப்பது நல்லது.

உப்பவே இல்லை

கால் கோப்பை சூடான நீரில் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரைப் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலைந்து குமிழி வந்தால் அதன் வீரியம் போய்விட்டது. திறந்த டப்பா ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும் என்பார்கள். நீராவி படும் அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்தால் அதற்கு முன்பே போய்விடும்.

பழைய பவுடரில் ஒரு ஜாடி முழுக்கக் கலந்து வைத்திருந்தாலும் கவலை வேண்டாம், எறிய வேண்டியதில்லை. பயன்படுத்தும்போது ஒவ்வொரு 130 கிராமுக்கும் ஒரு தேக்கரண்டி புதிய பவுடரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பவுடர் நன்றாக இருந்தும் தட்டையாக வருகிறதா? ஓவன் சூடேறுவதற்கு முன்பே தட்டை உள்ளே வைத்துவிட்டீர்களா என்று யோசியுங்கள். கரைசலை ஊறவைக்கும் அந்த நேரத்திலேயே ஓவனை முடுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும்.

எழுந்து வந்தது, பிறகு நடுவில் அமுங்கிவிட்டது

உப்பவில்லையே என்று பேக்கிங் பவுடரைக் கூட்டியவர்களுக்கு அடுத்து வரும் கோளாறு இது. வாயு அளவுக்கு மீறினால் குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடும். மாவு இறுகி அவற்றைப் பிடித்துக்கொள்ளும் வரை அவை காத்திருப்பதில்லை. 120 கிராம் மாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் தேக்கரண்டிதான் வரம்பு.

பாதி வெந்த நிலையில் கதவைத் திறந்து பார்ப்பதும் காரணமாகலாம். மொத்த நேரத்தில் முக்கால் பங்கு முடியும் வரை கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்களுக்கு காற்றழுத்தம் குறைவு என்பதால் குமிழிகள் இன்னும் வேகமாக விரியும். அவர்கள் பவுடரைச் சிறிது குறைத்து, பாலைச் சிறிது கூட்ட வேண்டும்.

மேலே கூம்பு, உள்ளே நீளநீளமாகப் பொந்து

அதிகம் கலக்கியதன் அடையாளம். கலக்கக் கலக்க மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலைபோல் பின்னிக்கொள்கிறது. சிக்கிய வாயு வழி தேடி மேல்நோக்கித் துளைத்துக்கொண்டு போகிறது. உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். சிறுசிறு கட்டிகள் இருக்கட்டும்; ஊறும் நேரத்தில் அவை தாமே கரையும். மின்கலப்பானுக்கு இங்கே வேலையே இல்லை.

இழுபடுகிறது, காகிதக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது

உடல்நலம் கருதிக் கொழுப்பை முழுவதும் நீக்கியவர்களின் கோளாறு இது. எண்ணெய் கலோரிக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. மாவுத் துகள்களின் மேல் படிந்து குளூட்டன் நீளமாகப் பின்னாமல் தடுப்பதும், மென்மை தருவதும் அதுதான். அதை எடுத்துவிட்டு முழுக்க வாழைப்பழக் கூழையோ ஆப்பிள் கூழையோ சேர்த்தால், உள்ளே பிசுபிசுவென்று இறுகி, பல்லில் சவ்வாகத் தங்கும். 70 மில்லி எண்ணெயில் பாதியைப் பழக்கூழால் மாற்றுங்கள். அது நன்றாகவே வரும். மீதிப் பாதி இருந்தே ஆக வேண்டும். தேங்காய் எண்ணெயைவிட நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த ஒரு திரவ எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது, எண்ணெயே இல்லாமல் செய்து யாரும் சாப்பிடாமல் விடுவதைக் காட்டிலும் நல்ல வழி.

தேங்காய் எண்ணெய்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்ந்த பாலையும் முட்டையையும் அதனோடு சேர்த்தால் கரைசலில் வெள்ளை வெள்ளையாக மணிகள் மிதக்கும். பாலும் முட்டையும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு கலந்தால் இந்தச் சிக்கல் வராது.

உப்பைக் குறைத்தேன், சப்பென்று ஆகிவிட்டது

சோடியத்தைக் குறைக்க நினைப்பது நல்ல நோக்கம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது ஒரு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம். ஆனால் நம் கலவையில் சோடியம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 6 கிராம் உப்பிலிருந்து கிட்டத்தட்ட 2400 மில்லிகிராம். பேக்கிங் பவுடரில் ஒரு தேக்கரண்டிக்குப் பொதுவாக 400 முதல் 500 மில்லிகிராம் என்று வைத்தால், ஆறு தேக்கரண்டிக்கு அதுவும் 2400 முதல் 3000 வரை. நாக்குக்கு உப்பாகத் தெரியாத பொருளில்தான் பாதிக்கு மேல் ஒளிந்திருக்கிறது. உப்பைப் பாதியாக்கிச் சுவையை இழந்தும் மொத்தத்தில் குறைவது ஏறத்தாழ கால் பங்குதான்.

பவுடரின் பக்கம் கைவைப்பதே பலன் தரும். ஒரு பகுதி மாவை பேக்கிங் பவுடர் இல்லாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 120 கிராமுக்கு, புளித்த கெட்டி மோர் 120 மில்லியும் சமையல் சோடா கால் தேக்கரண்டியும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டி பவுடரின் வேலை நடந்துவிடும். கால் தேக்கரண்டி சோடாவில் சோடியம் சுமார் 315 மில்லிகிராம்தான். மோரின் புளிப்பே சுவைக்கும் கைகொடுக்கும் என்பதால் உப்பையும் சற்றுக் குறைக்கலாம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட் கொண்ட பேக்கிங் பவுடரும் சில இடங்களில் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைக் கூட்டும் மருந்து எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

கசக்கிறது

எந்தக் கசப்பு என்பதைப் பொறுத்துதான் மருந்து. சவர்க்காரத்தை நாக்கில் வைத்ததுபோல் இருந்தால் சோடா கூடிவிட்டது, அல்லது அதற்கு ஈடான புளிப்புப் பொருள் இல்லை. சோடா பேக்கிங் பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு வீரியமானது. ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே அளவில் போட்டால் இப்படித்தான் ஆகும். உலோக வாடை வந்தால் பவுடரின் உட்பொருள் பட்டியலில் சோடியம் அலுமினியம் சல்பேட் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் இல்லாத பவுடருக்கு மாறினால் வாடை போய்விடும்.

தொண்டையில் நிற்கும் கசப்பும் பழைய எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தால் மாவே காறிவிட்டது. முழுக்கோதுமையில் முளைப்பகுதியும் அதிலுள்ள எண்ணெயும் இருப்பதால் மைதாவைவிட வெகு சீக்கிரம் காறும். இதற்குச் சரிக்கட்டும் வழி எதுவும் கிடையாது, கொட்டிவிட வேண்டியதுதான். மாவு வாங்கும்போதே முகர்ந்து பாருங்கள். நல்ல மாவில் இலேசான இனிப்பு மணம் இருக்கும்.

மாவு புதியதாக இருந்தும் தவிட்டின் துவர்ப்பு பிடிக்கவில்லை என்றால், பாலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியைக் குறைத்து அந்த அளவுக்கு ஆரஞ்சுச் சாறு விடுங்கள். ஆரஞ்சின் சுவை தனித்துத் தெரியாது, துவர்ப்பு மட்டும் அடங்கும். குழந்தைகளை முழுக்கோதுமைக்குப் பழக்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

நிறம் மாறிவிட்டது

பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சோடாவோ பவுடரோ கட்டியாகவே தங்கிவிட்டது என்று பொருள். சலித்துச் சேர்க்க வேண்டும். மஃபினின் உள்ளே முழுவதும் மஞ்சள் தட்டினால் சோடா மிகுதி.

சூரியகாந்தி விதை சேர்த்தவர்கள் சிலர், வெட்டிப் பார்த்ததும் விதையைச் சுற்றிப் பச்சை பூத்திருப்பதைக் கண்டு பூஞ்சணம் என்று பயந்துவிடுகிறார்கள். அது பூஞ்சணம் அல்ல. விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. ஆறிய சில மணி நேரத்தில் இன்னும் துலங்கும். தாராளமாகச் சாப்பிடலாம். நிறம் வேண்டாம் என்றால் சோடாவைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துவிடுங்கள்.

வெந்திருந்தும் வெளிறியே இருக்கிறதா? பால் பவுடரை விட்டுவிட்டீர்களா, அல்லது மோர் மட்டும் சேர்த்துச் சோடாவை மறந்தீர்களா என்று பாருங்கள். புளிப்பு மிகுந்த மாவு எளிதில் பொன்னிறமாகாது.

வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு

பேன்கேக்கில் என்றால் கல்லின் சூடு அதிகம். 190 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. நீர்த்துளியைத் தெளித்தால் அது உருண்டு துள்ளி மறைய வேண்டும். புகை எழும்பினால் தணித்துவிடுங்கள். மஃபினில் என்றால் சர்க்கரைக்குப் பதில் தேன் விட்டிருக்கலாம். தேன் சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஓவனை 15 டிகிரி குறைத்து, பாலையும் இரண்டு மேசைக்கரண்டி குறைக்க வேண்டும். முழுக்கோதுமை முதலிலிருந்தே பழுப்பாக இருப்பதால் நிறத்தை நம்பி இறக்க முடியாது. குச்சியால் குத்திப் பாருங்கள். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 93 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும்.

இதோடு ஒன்று: வேகாத மாவைச் சுவை பார்க்காதீர்கள், குழந்தைகளுக்குக் கரண்டியை வழிக்கவும் கொடுக்காதீர்கள். முட்டையே சேர்க்காவிட்டாலும் பச்சை மாவில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு.

ஜாடிக்குள் கட்டி தட்டுகிறது

ஈரம் புகுந்துவிட்டது. ஈரக் கரண்டி, கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே திறந்த ஜாடி, உறைபெட்டியிலிருந்து எடுத்து மேசையில் திறந்து வைத்தது என எதுவாகவும் இருக்கலாம். கட்டி விரலில் பொடிந்தால் சலித்துவிட்டு, புதிதாகக் கொஞ்சம் பவுடர் சேர்த்துப் பயன்படுத்தலாம். கல்லாக இறுகியிருந்தாலோ முடைநாற்றம் வந்தாலோ வேண்டாம்.

முழுக்கோதுமைக் கலவையை நான் குளிர்பெட்டிக்கு வெளியே வைப்பதே இல்லை. குளிர்பெட்டியில் மூன்று மாதமும், உறைபெட்டியில் ஆறு மாதமும் தாராளமாக நிற்கும். உறைபெட்டியிலிருந்து எடுக்கும்போது வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு ஜாடியை உடனே மூடி உள்ளே வைத்துவிட வேண்டும். வண்டுத் தொல்லை உள்ளவர்கள், வாங்கிவந்த மாவைக் கலப்பதற்கு முன் நான்கு நாள் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் அழிந்துவிடும். பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே கலவையில் சேருங்கள், இல்லையென்றால் பனித்த ஈரம் மாவில் இறங்கும்.

அதே ஜாடி, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது

முதல் வாரம் சரியாக உப்பாமல், கடைசியில் சவர்க்காரச் சுவை தட்டினால் சந்தேகமே வேண்டாம், ஜாடிக்குள் பொருள்கள் பிரிந்திருக்கின்றன. ஜாடியை எடுத்து எடுத்து வைக்கும்போது பருத்த தவிடு மேலே வரும். நைசான, கனமான உப்பும் பவுடரும் அடியில் இறங்கும். ஜாடியை விளிம்பு வரை நிரப்பியிருந்தால் குலுக்கினாலும் எதுவும் புரளாது. கால் பங்கு இடம் காலியாக விட்டு, ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி, உலர்ந்த கரண்டியால் அடிவரை ஒரு கிளறு கிளறிவிடுங்கள். அதன் பிறகும் வேறுபாடு தெரிந்தால் 130 கிராம் அளவுக்கே சிறு பைகளாகப் பிரித்துக் கட்டிவைப்பது ஒரு வழி. கலந்த அன்றே பிரித்துவிட்டால், பைக்குள் எப்படிப் புரண்டாலும் ஒரு பேன்கேக்குக்கு வேண்டிய பவுடர் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.